ஃபிலிமில் மட்டும் சிவக்கும் பூ

எங்கள் அண்ணி பிடிவாதக்காரி. நாத்தனார் வாயிலிருந்து வருவதால் இது குறை சொல்வது போலத்தான் கேட்கும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் கூடத்துச் சுவரைப் பார்த்து, "இது வெள்ளை இல்லையே" என்றாள். வீட்டிலிருந்த அத்தனை பேரும் வெள்ளைதான் என்று சாதித்தோம். அவளோ ஒரு புதுக் காகிதத்தை எடுத்துவந்து சுவரில் ஒட்டினாள். காகிதத்துக்குப் பக்கத்தில் சுவர் பல் துலக்காதவன் சிரிப்பு மாதிரி இருந்தது. அடுத்த விடுமுறை நாளில் அண்ணன் ஏணியில் ஏறி வெள்ளையடித்துக்கொண்டிருந்தான்.

அண்ணிக்குத் தொழில் போட்டோ எடுப்பது. வீட்டின் முன்பக்கத்தில் தெருவைப் பார்த்தபடி இரண்டு அறைகள். ஒன்று அவளுடைய ஸ்டூடியோ, இன்னொன்று என்னுடைய தையல் கடை. நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவும் எங்கள் இருவர் வாயும் மூடி யாரும் பார்த்ததில்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் பொத்தான் அறுந்திருந்தால் என் பக்கம் வருவார்கள். என்னிடம் சட்டை அளவு கொடுக்க வந்தவர்களை நான் பேச்சுவாக்கில் அவள் பக்கம் தள்ளிவிடுவேன்.

வயிற்றுப்பாட்டுக்கு அடையாள அட்டைப் படம், பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் எடுத்தாலும், அவள் உயிரை வைத்திருந்தது ஸ்லைடில். மற்ற ஃபிலிமில் எடுத்தால் பிரின்ட் போடுகிறவர் தன் இஷ்டத்துக்கு நிறத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்லைடில் அது நடக்காது. கேமராவுக்குள் போன அதே ஃபிலிமைக் கழுவி, துண்டு துண்டாக வெட்டி, சின்னச் சட்டத்துக்குள் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அதுதான் படம். நடுவில் யாரும் கைவைக்க முடியாது. "தப்புன்னா அது என் தப்பு, சரின்னா அது என் சரி" என்பாள், ஏதோ சொத்து எழுதி வாங்கியவள் மாதிரி.

ஃபிலிமுக்கு ஃபிலிம் நிறம் மாறும் என்பதே எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். பெட்டியில் எழுதியிருந்த பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் என் வசதிக்காகச் சொந்தக்காரர்கள் பெயரை வைத்துவிட்டாள். ஒன்று சம்பந்தியம்மா. எதைப் பார்த்தாலும் பொன்முலாம் பூசி, முகத்துக்கு நேரே புகழ்கிற ரகம். நோஞ்சான்கூட அதில் தேறிவிட்டவன் போலத் தெரிவான். அடுத்தது சின்ன மாமியார். பச்சையை இன்னும் பச்சையாக்கும், சிவப்பை இன்னும் சிவப்பாக்கும். உள்ளதை ஊதிப் பெரிதாக்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. மூன்றாவது கணக்கு வாத்தியார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார், நிழல் விழுந்த இடம் மட்டும் கொஞ்சம் ஜில்லென்று நீலம் பாய்ந்து இருக்கும். சின்ன மாமியார் என்று அவள் வைத்தது எங்கள் சித்தியை நினைத்துத்தான். அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

சூட்டில் ஃபிலிம் கெட்டுவிடுமாம், அதனால் இந்த உறவுக்கூட்டம் மொத்தமும் குடியிருந்தது எங்கள் ஃபிரிட்ஜில், முட்டை வைக்க வேண்டிய இடத்தில். முட்டை வெளியே கூடையில் கிடந்து வெந்தது.

அண்ணன் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவன். வீடு வீடாகக் குனிந்து எண்ணைப் படித்து முதுகு வளைந்துபோன ஆள். அவன் நிமிர்வது கொல்லைப்புறத்தில் மட்டும்தான். அங்கே இரண்டு கொடிகளை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக மல்லுக்கட்டினான். ஒன்றில் பூ சின்னது, வெளிறிய வான நிறம். இன்னொன்றில் பூ உள்ளங்கை அகலம், ஆனால் ஊதா. பெரிய பூவில் நீலம் வர வேண்டும் என்பது அவன் ஆசை. லென்ஸ் துடைக்க அண்ணி வைத்திருந்த மெல்லிய பிரஷ்ஷைத் திருடிக்கொண்டுபோய், ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றுக்குத் தடவுவான். அதற்காக அவள் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்கும். மறுநாள் புது பிரஷ் வாங்கி அவன் சட்டைப்பையில் அவளே வைத்திருப்பாள்.

கடைசியில் அந்தப் பூ வந்தது. நான் தையல்காரி. நிறத்துக்குப் பெயர் சொல்வது என் பிழைப்பு. மயில் கழுத்து, கத்திரிப்பூ, கடல், மை என்று எத்தனையோ நீலம் என் கடையில் இருக்கிறது. அந்த நீலத்துக்கு என்னிடம் பெயர் இல்லை. அண்ணன் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நீலம்தானே பாப்பா?" என்று கேட்டான். நாற்பதைத் தாண்டிய பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான். "நீலமேதான் அண்ணா" என்றேன்.

புதுப் பூக்களைப் பதிவு செய்கிற சங்கம் ஒன்று வேறொரு நகரத்தில் இருந்தது. பூவை அனுப்ப வழியில்லை. விடியும்போது மலர்ந்தால் உச்சிவெயிலுக்குள் சுருண்டுவிடும். அவர்கள் கேட்டதும் பூவை அல்ல, ஸ்லைடைத்தான். ஸ்லைடில் யாரும் வர்ணம் தீட்டி ஏமாற்ற முடியாது என்பது அவர்கள் கணக்கு. அண்ணி கருக்கலிலேயே எழுந்து, சூரியன் எட்டிப் பார்த்ததும் எடுத்து முடித்தாள். கடைசி நாள் நெருங்கிவிட்டதால், கழுவுகிற இடத்திலிருந்தே நேராகச் சங்கத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் படங்களைப் பார்க்கவில்லை.

பதிலோடு ஸ்லைடுகள் திரும்பி வந்தன. "இளஞ்சிவப்பு கலந்த ஊதா. இந்த நிறத்தில் ஏற்கெனவே பல வகைகள் உள்ளன" என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் ஒரு ஸ்லைடை எடுத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். அண்ணியும் நானும் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தோம். அதில் இருந்தது நீலப் பூவே இல்லை. ரோஸ் நிறத்தில் ஏதோ ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

அதோடு போயிருந்தால் இது வெறும் பூவின் கதை. அதே சமயத்தில் அண்ணன் ஒரு வீட்டு மீட்டரில் மூன்றை எட்டு என்று படித்துவிட, அந்த வீட்டுக்காரர் அலுவலகத்தில் போய் மேஜையைத் தட்டினார். கண்ணைப் பரிசோதித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். நானும் அண்ணியும்தான் கூடப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். "உள்ளே இருக்கிற லென்ஸ் பழுத்துப்போச்சு. டீ டம்ளர் வழியா உலகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு இருக்கீங்க. நிறமெல்லாம் மாறித்தான் தெரியும். ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடும், ஆனா தள்ளிப் போடாதீங்க. முத்திப் போனா எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வாசற்படியில் கால் இடறினான், அண்ணி பிடித்துக்கொண்டாள். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டான்.

"நிறம் மாறித் தெரியும்னாரு, கேட்டீங்கல்ல?"

"கேட்டோம். அதுக்குத்தானே ஆபரேஷன்" என்றாள் அண்ணி.

"அப்ப ஃபிலிம் சரியாத்தான் காட்டியிருக்கு. பூ சிவப்புதான். என் கண்ணுதான் அதை நீலமாக்கிக் காட்டியிருக்கு. நீங்க ரெண்டு பேரும் என் மனசு நோகக்கூடாதுன்னு ஆமாம் போட்டிருக்கீங்க."

"அண்ணா, எனக்கு உன் மனசு நோகக்கூடாதுன்னு என்னைக்கு இருந்திருக்கு?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"ஆபரேஷன் வேணாம்" என்றான். "கட்டை அவுத்துப் பார்க்கிறப்ப அது சிவப்பா இருந்துச்சுன்னா? இப்ப எனக்காவது நீலமா இருக்கு. இது போதும்."

பைத்தியக்காரத்தனம் என்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. உன் கண்ணைவிட உன் மண்டைதான் மங்கிப்போச்சு என்று கத்தினேன். அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். போகும்போது கதவு நிலையைக் கையால் தடவிக்கொண்டு போனான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெறும் பூவுக்காக ஒரு மனுஷன் கண்ணை விட்டுவிடப் பார்க்கிறான், அதுவும் என் அண்ணன்.

அண்ணி அழவில்லை. அவன் பின்னாலேயே போனாள். "ஃபிலிம்தான் பொய் சொல்லுதுன்னு நான் காட்டிட்டா ஆபரேஷனுக்கு வருவீங்களா?" என்று அவள் கேட்பது என் காதில் விழுந்தது.

"காட்டு. வர்றேன்."

"என் பேச்சை நம்ப வேண்டாம். உங்க கண்ணாலயே பார்த்துட்டு வாங்க."

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். முதலில் தன் மேலேயே சந்தேகப்பட்டாள். சூரியன் அப்போதுதான் எழும்பும் நேரத்தில் வெளிச்சம் செக்கச்செவேலென்று இருக்கும். அந்த வெளிச்சத்தில் எடுத்தது தன் தப்பு என்று சொல்லிக்கொண்டாள். மலர்ந்த உடனே பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இவ்வளவு வருஷம் தொழில் செய்தவள் அதைக் கோட்டைவிட்டிருந்தாள். இந்த முறை கொடியை நிழலுக்குத் திருப்பிக் கட்டி, வெயில் நன்றாக ஏறிய பிறகு, திறந்த வானத்து வெளிச்சத்தில் எடுத்தாள். தன்னிடமிருந்த கேமராவோடு தெரிந்தவர்களிடம் இன்னும் சிலவற்றை இரவல் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஃபிலிமைப் போட்டாள். பூ வாடுவதற்குள் எல்லா ஃபிலிமும் அதே பூவைப் பார்த்துவிட வேண்டும் அல்லவா. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஃபிலிமை உடனே பிரிக்கவிடமாட்டாள், வியர்த்துவிடுமாம். அது வியர்வை ஆறும்வரை நாங்கள் வியர்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

ஒவ்வொரு படத்திலும் நான்கு பொருள் இருக்க வேண்டும் என்றாள். பூ, ஓர் இலை, நிறம் பிசகினால் காட்டிக்கொடுக்கும் ஒரு சாம்பல் நிற அட்டை, மனிதத் தோல். தோலுக்கு நான். பூவுக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், கொடிக்கு ஒரு கிளை முளைத்த மாதிரி.

"கையை ஆட்டாதே."

"எறும்பு கடிக்குது அண்ணி."

"கடிக்கட்டும். படத்துல தெரியாது."

ஸ்லைடுகள் கழுவி வந்ததும் ஸ்டூடியோவில் இருந்த விளக்குப் பெட்டியின் மேல் வரிசையாகப் பரப்பினாள். அடியிலிருந்து வெளிச்சம் அடிக்க, என் கை வரிசையாக ஒளிர்ந்தது. சம்பந்தியம்மாவில் நான் பணக்கார வீட்டுப் பெண், ஒரு வேலையும் செய்யாத கை. சின்ன மாமியாரில் யாரையோ அறைந்துவிட்டு வந்தவள் மாதிரி உள்ளங்கை சிவந்திருந்தது. இலையின் பச்சை கண்ணைக் குத்தியது. கணக்கு வாத்தியாரில் ஊசி குத்திய வடு, இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு, எல்லாம் உள்ளபடி இருந்தன. சாம்பல் அட்டை சாம்பலாகவே இருந்தது. இப்படி எல்லாவற்றிலும் வித்தியாசம் காட்டிய ஃபிலிம்கள் பூவில் மட்டும் பேசிவைத்துக்கொண்டது போல ஒற்றுமையாக இருந்தன. ஒன்றில் ரோஸ், ஒன்றில் கத்திரிப்பூ நிறம், வாத்தியாரில் கொஞ்சம் ஊதா. நீலம் எதிலும் இல்லை.

வரிசையின் கடைசியில் ஒரு ஸ்லைடு மட்டும் வேறு மாதிரி இருந்தது. வீட்டுக்குள் பல்பு வெளிச்சத்தில் எடுப்பதற்கென்று ஒரு ஃபிலிம் உண்டு. வெளி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் உலகத்தையே நீலமாக்கிவிடும். எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று அதிலும் எடுத்திருந்தாள். அண்ணன் வரிசையைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவன் அதன் மேல் நின்றுவிட்டான்.

"இதுல நீலமா இருக்கே" என்றான். அவன் குரலில் அப்படி ஒரு ஆசை. நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவன் இன்னும் குனிந்தான். "பாப்பா கை என்ன பொணத்தோட கை மாதிரி இருக்கு? இலையும் செத்துக் கிடக்குது." நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். "என்னைச் சமாதானப்படுத்த இப்படியெல்லாம் வேற செய்றீங்களா?"

"இல்லைங்க. எது எது எப்படிக் காட்டுதுன்னு பார்க்க எடுத்தேன்" என்றாள் அண்ணி. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவன் பூவைப் பார்க்கக்கூடப் போகவில்லை.

அண்ணி ஃபிலிம் கழுவுகிறவருக்குப் போன் செய்தாள். கதவு திறந்திருந்ததால் நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். நீலப் பூ எடுக்கிற எல்லாரும் என்னைத்தான் திட்டுகிறார்கள் என்று அவர் அந்தப் பக்கம் குறைப்பட்டுக்கொண்டாராம். சிவப்புக்கு அந்தப் பக்கம், நம் கண் விட்டுவிடுகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது; ஃபிலிமுக்கு அது தெரியும்; சில பூக்கள் அந்தச் சிவப்பை அள்ளி வீசும்; ஃபிலிமை மாற்றினால் கொஞ்சம் கூடும் குறையும், அடியோடு போகாது. சில துணிகளும் அப்படித்தான், நல்ல கறுப்புக் கோட்டு போட்ட மாப்பிள்ளை படத்தில் பழுப்புக் கோட்டோடு வந்து நிற்பார் என்றாராம்.

அண்ணி இதை அப்படியே அண்ணனிடம் சொன்னாள். "அவருக்கு நீ வாடிக்கைக்காரி. உனக்குப் பிடிச்ச மாதிரிதானே சொல்வாரு" என்று அவன் முடித்துவிட்டான்.

அவனைக் குறை சொல்லியும் பயனில்லை. நாங்கள் சொன்னால் பாசம், வெளியார் சொன்னால் வியாபாரம், அக்கம்பக்கத்தார் சொன்னால் நீலப் பூ நீலப் பூ என்று கேட்டுப் பழகிய பேச்சு. தலைகீழாக நின்றாலும் ஒரு மனிதர் வாயையும் அவன் நம்பப்போவதில்லை. வாரியத்தில் அவனை வெளிவேலையிலிருந்து எடுத்து உள்ளே உட்காரவைத்துவிட்டார்கள். டாக்டரிடமிருந்து இரண்டு முறை ஆள் மூலம் கேட்டு அனுப்பினார்கள். அண்ணி ஒவ்வொரு முறையும், "வருவாரு, கொஞ்சம் பொறுங்க" என்றே சொல்லி அனுப்பினாள்.

ஒருநாள் அவள் என் கடையில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நான் ஒருத்தியின் ஜாக்கெட் துணிக்கு நூல் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. டியூப்லைட்டுக்கு அடியில் நூல் பொருத்தவே மாட்டோம். உள்ளே ஒன்றாகத் தெரிகிற துணியும் நூலும் வெளியே வந்தால் பங்காளிகள் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் நூல்கண்டையும் துணியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஒரே நிறத்தில் வேறு வேறு கம்பெனி நூல் இரண்டு இருந்தது. எதை வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்று பின்னால் வந்து நின்றாள் அண்ணி.

"கண்ணுக்கு ஒண்ணுதான். சாயம் வேற வேற."

அவள் இரண்டு கண்டையும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அந்த ஜாக்கெட்டுக்காரிக்கு அன்றைக்கு ஜாக்கெட் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பூவைக் காம்போடு கிள்ளி ஒரு தண்ணீர் டம்ளரில் போட்டு என் கடை வாசலில் ஸ்டூலின் மேல் வைத்தாள். என் நூல் பெட்டியிலிருந்து ரோஸ், ஊதா, கத்திரிப்பூ, நீலம் என்று கலந்து ஒரு தட்டு நிறையக் கொட்டினாள். அண்ணனைக் கூப்பிட்டாள்.

"இந்தப் பூவுக்குச் சேர்ற நூலை நீங்களே எடுங்க. நாங்க வாயைத் திறக்க மாட்டோம்."

அவன் முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பூவோடு வைத்துப் பார்த்தான். கடைசியில் ஒரு நீலத்தில் நின்றான். அப்புறம் இன்னொரு கம்பெனி நீலத்தையும் எடுத்து, "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று இரண்டையும் தனியாக வைத்தான். "கெட்டுப்போன கண்ணு எடுத்தது. இதை வச்சு என்ன பண்றது?"

அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர்காரர் வந்தார். தோளிலிருந்து சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு அவர் மூச்சு வாங்குவதற்குள் அண்ணி அவரைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் எடுத்த இரண்டு கண்டுகளையும் மறுபடி தட்டில் போட்டுக் கலைத்துவிட்டாள்.

"அண்ணே, ஒரு உதவி. இந்தப் பூ நிறத்துல சட்டை தைக்கணும். எந்த நூல் சேரும்னு எடுத்துக் கொடுங்க."

"நானா? எனக்கென்ன தெரியும்மா இதுல?"

"தெரியாதவங்கதான் வேணும்."

அவர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி குனிந்தார். பெரிய விரல்களால் கண்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அண்ணன் எடுத்த அதே முதல் கண்டை எடுத்துப் பூவுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு மற்றதையும் எடுத்தார். "இது ரெண்டுல எது வேணாலும் போடலாம். ஒண்ணுதான்" என்றார். "ஏம்மா, ஜெயிச்சா ஏதாவது கிடைக்குமா?"

"டீ கிடைக்கும்" என்றேன்.

அண்ணன் அவர் டீ குடித்து முடிக்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சிலிண்டர்காரருக்கு அவன் மேல் பாசமும் கிடையாது, அந்தப் பூவை அதற்கு முன் பார்த்ததும் கிடையாது.

அண்ணி இரண்டு நூலையும் ஒரு சாம்பல் அட்டையில் அக்கம்பக்கமாகச் சுற்ற வேண்டும் என்றாள். சுற்றும் வேலையை அண்ணன் கையாலேயே செய்யவைத்தாள், அப்புறம் மாற்றிவைத்தாய் என்று சொல்லிவிடக் கூடாதே. மறுநாள் புதிதாக மலர்ந்த பூவுக்குப் பக்கத்தில் அந்த அட்டையை நட்டு, மறுபடியும் எல்லா ஃபிலிமிலும் எடுத்தாள். என் கைக்கு இந்தத் தடவை விடுமுறை கொடுத்தாள். ஃபிலிம்கள் தபாலில் போய் வருவதற்குள் எனக்குத்தான் ஆயிரம் சந்தேகம். இரண்டு நூலும் நீலமாகவே வந்துவிட்டால்? அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட முடியாது. அண்ணியிடம் கேட்டேன்.

"வந்தா வேற நூல் எடுப்போம். உன் பெட்டியில நூலா இல்லை?" என்றாள். பயம் என்பதே அவள் முகத்தில் இல்லை. எனக்கு அவள் மேல் எரிச்சலாகவும் இருந்தது, அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலவும் இருந்தது.

ஸ்லைடுகள் வந்தன. பிரித்துப் பார்க்காமல் அப்படியே புரொஜெக்டரில் போட்டாள். கூடத்து ஜன்னல்களைப் போர்வையால் மூடினேன். அண்ணன் நாற்காலியைச் சுவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். அந்த அட்டையை அவன் கையில் கொடுத்தாள்.

முதலில் சம்பந்தியம்மா. சுவர் முழுக்கப் பூ ரோஸ் நிறத்தில் விரிந்தது. அட்டையில் ஒரு நூல் நீலம். அதை ஒட்டிச் சுற்றியிருந்த இன்னொரு நூல் நல்ல ஊதா. நடுவில் கோடு போட்டது மாதிரி பிரிந்து நின்றன. அண்ணன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். அறை இருட்டில் தெரியவில்லை. எழுந்து போய்ப் போர்வையை விலக்கி, வெளிச்சத்தில் பார்த்தான். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. மறுபடி வந்து சுவரைப் பார்த்தான்.

அண்ணி அடுத்ததைத் தள்ளினாள். சின்ன மாமியாரில் ஒரு நூல் நீலம், இன்னொன்று கத்திரிப்பூ, பூ அதைவிடச் சிவப்பு. கணக்கு வாத்தியாரில் வித்தியாசம் கொஞ்சம் குறைவு. ஆனாலும் மூன்றும் மூன்று நிறம்.

"நீங்க எடுத்த நூல். நீங்க சுத்தின அட்டை. சிலிண்டர்காரரும் இதே ரெண்டையும்தான் எடுத்தாரு" என்றாள் அண்ணி. "மூணும் ஒரே நிறம்னு உங்க கண்ணு சொல்லிச்சு, அவரு கண்ணும் சொல்லிச்சு. மூணும் வேற வேறன்னு ஃபிலிம் சொல்லுது. இப்ப யாரு கண்ணு கெட்டுப்போச்சு?"

அண்ணன் உடனே விட்டுக்கொடுத்துவிடவில்லை. வாத்தியாரை இன்னொரு முறை போடச் சொன்னான். அப்புறம் சம்பந்தியம்மாவை. சுவருக்குப் பக்கத்தில் போய் நூல் இரண்டும் சேர்கிற இடத்தில் விரலை வைத்தான். அவன் விரலின் மேல் பாதி நீலம், பாதி ஊதா விழுந்தது.

"அப்ப எனக்குத் தெரியாத சிவப்பு அதுல இருக்கு" என்றான் கடைசியில்.

"யாருக்கும் தெரியாத சிவப்பு. எனக்கும் தெரியாது, பாப்பாவுக்கும் தெரியாது."

"ஆபரேஷன் பண்ணினாலும் தெரியாதா?"

"தெரியாது."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "சரி. எப்ப வரச் சொன்னாரு டாக்டர்?"

அண்ணி புரொஜெக்டரை அணைத்தாள். அணைத்துவிட்டு இருட்டில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவள் அழுதாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நான் ஜன்னல் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்துக்கு அந்த ஸ்லைடுகளையும் அட்டையையும் சேர்த்து அனுப்பினாள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள் என்பதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நீலம் என்றே பதிவு செய்வதாகச் சொல்லி, அட்டையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தார்கள். அண்ணன் சந்தோஷப்பட்டான். ஆனால் அப்போது அவனுக்கு ஆபரேஷன் பயம் வந்துவிட்டிருந்தது. ஊசி என்றாலே ஓடி ஒளிகிற ஆள். பதிவைப் பற்றி அதிகம் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

முதலில் ஒரு கண்ணுக்கு மட்டும் செய்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் அவனை நானும் அண்ணியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் அழைத்துப்போனோம். கொடியில் ஏழெட்டுப் பூ மலர்ந்திருந்தது. அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

முதலில் புதுக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பழைய கண்ணால் பார்த்தான். பிறகு பழையதை மூடிக்கொண்டு புதியதால் பார்த்தான். மறுபடியும் மாற்றினான். அவன் உதடு துடிப்பதைப் பார்த்து எனக்குப் பகீரென்றது.

"என்னங்க, சிவப்பா இருக்கா?" என்றாள் அண்ணி. அவ்வளவு நாளும் பயப்படாதவள் அப்போது பயந்துவிட்டாள்.

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். "இந்தக் கண்ணுல பார்த்தா நான் இதுவரைக்கும் பார்த்த நீலம். அழுக்குத் தண்ணியில நனைச்ச மாதிரி இருக்கு." கையை மாற்றி மூடினான். "இதுல…" என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. டாக்டர் கண்ணைக் கசக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அண்ணி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு நாளா இதையா பார்த்துட்டு இருந்தீங்க?" என்றான். கிட்டத்தட்டக் கோபமாகவே கேட்டான். "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னோமே. நீலம்னு" என்றாள் அண்ணி.